கம்பியிலே தேயும் மின்சாரம்

அமெரிக்க நாட்டிலே குடும்பத்தோடு ஊர்சுற்றப் புறப்படுவோர் பலர், படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி யாவும் அமைந்த வீட்டு வண்டிகளிற் செல்வர். வழியில் உறவினர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வெயில் கொளுத்துகின்றது, குழந்தைகள் வாடுகின்றனர். வீட்டுச் சுவரிலிருந்து நீண்டதொரு கம்பியை இழுத்து வண்டிக்கு மின்சாரம் கொடுக்கின்றனர். விளக்கு எரிகின்றது. குளிரூட்டியை முடுக்கியதும் விளக்கு மங்குகின்றது, இயந்திரம் முனகுகின்றது, ஓட மறுக்கின்றது. குற்றம் குளிரூட்டியிலன்று, கம்பியிலே!

மின்சாரம் செல்லும் வழியெங்கும் கம்பி அதற்குத் தடை செய்கின்றது. கம்பி நீள நீளத் தடை பெருகும்; பருக்கப் பருக்கக் குறையும். அத்தடையை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வழியில் இழக்கும் அழுத்தம் எவ்வளவென்று தெரிந்துவிடும். ஜேர்மானிய அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இது.

கணக்கொன்று பார்ப்போம். அந்நாட்டு வீடுகளிற் சுவர்த்துளையின் அழுத்தம் 120 வோல்ற். மெல்லிய 16ஆம் இலக்கக் கம்பி 100 அடி நீளமெனில், போக்கும் வரவுமாக மின்சாரம் 200 அடி ஓடவேண்டும். தடை ஏறக்குறைய 0.8 ஓம். குளிரூட்டி 13 அம்பியர் இழுத்தால், பத்து வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலைகின்றது. தொலைந்தது மாயமாய் மறைவதில்லை. ஏறக்குறைய 135 உவாற்று வெப்பமாகிக் கம்பியைச் சுடுகின்றது. கம்பி சுருளாய்க் கிடந்தால், அச்சூடு வெளியேற வழியின்றி உறையை உருக்கித் தீயும் மூட்டலாம். மோட்டர் புறப்படும் கணத்திலோ ஓட்டம் பன்மடங்காகும். அழுத்தம் மேலும் சரியும். சுழல மாட்டாத மோட்டர் சூடேறிக் கருகிப்போதலும் உண்டு.

10ஆம் இலக்கக் கம்பியானால் தடை நாலிலொன்றே. இழப்பு மூன்று வோல்ற்றுக்கும் குறைவு. இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை மறத்தலாகாது.

இவ்வீழ்ச்சி எடிசனையும் விட்டுவைக்கவில்லை. 1882இல் நியூயோர்க் பேர்ள் வீதியில் அவர் தொடக்கிய நிலையத்தின் மின்சாரம், ஏறக்குறைய ஒரு மைலுக்கு அப்பாற் பயன்படவில்லை.

ஆதலின் வண்டியில் ஊர்செல்வோர் கைக்கொள்ள வேண்டியவை சில. கம்பி குறுகியதாயும் தடித்ததாயும் இருக்கட்டும். சுருளை முற்றாக விரித்துவிடுக. ஒன்றோடொன்று முடிந்து நீட்டற்க. குளிரூட்டி ஓடும்போது வண்டியினுள்ளே அழுத்தத்தை அளந்து பார்க்க. 108 வோல்ற்றுக்குக் கீழிறங்கினால் அதனை நிறுத்துக. செருகியைத் தொட்டுப் பார்க்கையிற் சுட்டால், அதுவும் எச்சரிக்கையே. சில டொலரை மிச்சம்பிடிக்க மெல்லிய கம்பி வாங்கியவர், பல நூறு டொலர் பெறும் குளிரூட்டியை இழப்பர். குடும்பம் உறங்கும் வண்டிக்கே ஆபத்தையும் தேடிக்கொள்வர்.