நாய்களுக்கான உறுப்பினர் மன்றம்: சந்தா செலுத்தும் முன் அறிய வேண்டியவை

திருப்பதி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் நாய்க்கு ஓடி விளையாட இடமில்லை. தெருவுக்கு அழைத்துச் சென்றால் வாகன நெரிசலும் தெருநாய்களும் அச்சுறுத்துகின்றன. பெருநகரங்களின் இந்த நெருக்கடிக்குத் தீர்வாக உருவானவையே நாய்களும் உரிமையாளர்களும் ஒன்றுகூடும் கட்டண மன்றங்கள். அடுக்குமாடி வாழ்க்கை பரவிவரும் சித்தூர், திருப்பதி நகரங்களில் நாய் வளர்ப்போரும் இவற்றின் நடைமுறைகளை அறிந்துகொள்வது பயன் தரும்.

மன்றத்தில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் மாதச் சந்தா செலுத்தி இத்தகைய மன்றங்களில் சேரலாம். வேலியிட்ட மைதானத்தில் நாய்கள் சங்கிலியின்றி விளையாடும். பணியாளர்கள் அவற்றைக் கண்காணிப்பர். உரிமையாளர்கள் அருகில் அமர்ந்து காபி அருந்தலாம்; அலுவலக வேலையும் பார்க்கலாம். தடுப்பூசிச் சான்றும், பிற நாய்களுடன் பழகும் விதம் குறித்த சோதனையும் இன்றி எந்த நாயும் சேர்க்கப்படுவதில்லை. சந்தாவின் உண்மையான பயன் சொகுசு அல்ல, இந்தப் பாதுகாப்பே.

ஹைதராபாத் காட்டிய வழி

கட்டண மன்றம் மட்டுமே வழி என்பதில்லை. ஹைதராபாத்தின் கொண்டாபூரில், முன்பு குப்பை கொட்டப்பட்ட சுமார் 1.3 ஏக்கர் நிலத்தை மாநகராட்சி 2018-ஆம் ஆண்டு நாய்களுக்கான பூங்காவாக மாற்றியது. நடைபாதை, புல்வெளி, பயிற்சிக் கருவிகள், நாய்கள் நீராடும் குளம் ஆகியவை அங்கு அமைக்கப்பட்டன.

தடுப்பூசி ஏன் கட்டாயம்?

பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். நோயுற்ற நாய் நேரில் வராவிட்டாலும், அது மலம் கழித்த இடத்தை முகர்ந்த குட்டிக்கு நோய் தொற்றலாம். ரேபிஸ் நோயோ, அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் ஏறத்தாழ உறுதியாக உயிரைப் பறிப்பது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. பிறந்த 3 முதல் 14 வாரங்களுக்குள்தான் குட்டி பிறருடன் அச்சமின்றிப் பழகக் கற்கிறது. ஆனால், முதற்கட்டத் தடுப்பூசிகள் முழுமையடைய ஏறக்குறைய 16 வாரங்கள் ஆகின்றன. அதுவரை பொது மைதானத்தில் இறக்கிவிடாமல் குட்டியைக் கையில் ஏந்திச் சென்று வெளியுலகைக் காட்டலாம். தடுப்பூசி போடப்பட்ட, நன்கு அறிந்த நாய்களுடன் வீட்டிலேயே பழக்கலாம்.

வெயிலில் கவனம்

திருப்பதியில் கோடைக்கால வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. மூக்கு குட்டையான பக், புல்டாக் இனங்களுக்கு இது கடினம். எனவே அதிகாலையிலோ, பொழுது சாய்ந்த பின்னரோ விளையாட விடுவதே நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* தடுப்பூசிச் சான்று ஒவ்வோர் ஆண்டும் சரிபார்க்கப்படுகிறதா?
* சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி உள்ளதா?
* நாய் தப்பி ஓடாதவாறு நுழைவாயிலில் இரட்டைக் கதவு உள்ளதா?
* நிழலும் குடிநீரும் போதுமான அளவில் உள்ளனவா?
* அவசரத்துக்குக் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா?

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மருத்துவரின் ஆலோசனை, வேலியிட்ட சிறு மைதானம், தடுப்பூசி போடப்பட்ட நாய்களை வளர்க்கும் நான்கைந்து அண்டை வீட்டார் ஆகியோர் ஒன்றுசேர்ந்தால், பெரும் கட்டணமின்றியே இத்தகைய மன்றத்தின் முக்கியப் பயன்களைப் பெற முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.