காலுக்கேற்ற காலணி

தில்லியில் வேலை கிடைத்து வரும் நம்மவர் முதல் குளிர்காலத்தில் மூன்று பொருள்கள் வாங்குவார்: ரஜாய், ஸ்வெட்டர், ஷூ. முதல் இரண்டையும் பத்துக் கடை ஏறி இறங்கித் தடவிப் பார்த்து வாங்குவார். ஷூவை மட்டும் "ஏழாம் நம்பர்" என்று சொல்லிப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார். பிறகு ஹோலி வரை சுண்டுவிரலோடு மல்லுக்கட்டுதான்.

கால்மேல் குற்றமில்லை. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதம் முன்புறம் நன்றாக விரிந்திருக்கும். கடைக்காரர் சொல்லும் நம்பரோ இங்கிலாந்துக் கணக்கு. அது நீளத்தைச் சொல்லுமே தவிர அகலத்தைச் சொல்லாது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. மேல்நாட்டாரைவிட நம் பாதம் அகலம் என்பது அதில் தெரிந்தது. அகலம் போதாமல் பலர் தேவைக்குப் பெரிய ஷூவை வாங்குகிறார்கள். விரலுக்கு இடம் கிடைக்கிறது. குதிகால் கழன்றுகொண்டே வருகிறது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காகிதத்தில் நின்றுகொண்டு இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து போட்டால் பயனில்லை. உடல் பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். அந்தக் காகிதத்தின்மேல் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால், எவ்வளவு அழகான ஷூவானாலும் அது உங்களுக்கில்லை. "போடப் போட குல் ஜாயேகா" என்று கரோல் பாக் கடைக்காரர் சத்தியம் செய்வார். நல்ல தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ரெக்ஸின் எதிலும் இளகாது.

மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். குளிர்காலத்து ஷூ என்றால் கம்பளி சாக்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டைல் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? முனை வட்டமாக, குதி தாழ்வாக, கயிறு கட்டிய பழுப்புத் தோல் ஷூவும் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம், மெட்டி. மூடிய ஷூவுக்குள் அது பக்கத்து விரலை அழுத்திப் புண்ணாக்கும். முன்புறம் உயரமும் அகலமும் உள்ள ஷூ பாருங்கள், அல்லது மெல்லிய மெட்டிக்கு மாறுங்கள். புடவைக்குக் கீழே நடைஷூவா என்று கூச்சப்பட்டது ஒரு காலம். இன்று பார்க்கில் காலை நடை போகும் மாமிகளைப் பாருங்கள்!

குழந்தைகளுக்குப் பள்ளியில் கறுப்பு ஷூ கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டு ஓட விடுங்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற மருத்துவர்கள் 2300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது.

மிகுந்த கவனம் வேண்டுவது சர்க்கரை நோயுள்ள பெரியவர்களிடம். நாள்பட்ட சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறையும். ஷூ கடித்தாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? அது புரையோடி விரலை, சில சமயம் காலையே எடுக்கும்படி ஆகிறது. உணர்விழந்த பாதத்தில் புண் வருவது உணராத அழுத்தத்தால்தான் என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்தவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட். எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் செருப்பு இத்தகைய பாதங்களுக்கு ஏற்றது. பின்வார் வைத்து வாங்குங்கள். புது ஷூவை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடவிடாதீர்கள். போடுமுன் உதறுங்கள். இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு நீங்களே பாருங்கள். ஹீட்டர் பக்கம் கால் நீட்டவிடாதீர்கள்.

ஊரிலிருக்கும் அப்பாவுக்கு இங்கிருந்து வாங்கிப் போவதானால், நம்பரைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். ஒரு மாலையில் அவரைக் காகிதத்தில் நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள்.