இரண்டே புள்ளியில் கைமாறிய பட்டம்

1983 உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஜெர்மனியின் ஆடியும் இத்தாலியின் லான்சியாவும் மல்லுக்கட்டின. ஆடி குவாட்ரோவில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். பனியிலும் சேற்றிலும் பிடி விடாது. லான்சியா 037-இல் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். ஆனால் எடை குறைவு. காய்ந்த தார்ச்சாலையில் பறக்கும்.

ஜனவரியில் மான்டே கார்லோ ராலி. அந்த ஆண்டு பனி குறைவு. இருந்த பனியையும் கரைக்க லான்சியா குழு சாலையில் உப்புத் தூவியது என்று இன்றும் சொல்வார்கள். முதல் இரண்டு இடங்களும் லான்சியாவுக்கே!

ஆண்டு முடிவில் தயாரிப்பாளர் பட்டம் 118க்கு 116 என்ற புள்ளிக் கணக்கில் லான்சியாவிடம் போனது. ஓட்டுநர் பட்டம் ஆடியின் ஹன்னு மிக்கோலாவுக்கு. அதன்பின் இருசக்கர விசைக் கார் எதுவும் அந்தத் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றதே இல்லை.