சீட்டு ஒன்று, கணக்கு இரண்டு

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வேயின் சிக்னல் இலாகாவில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் கம்ப்யூட்டர் ஒன்று எனக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2010-ஆம் ஆண்டு. தேவ்நாரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்காக ஒரு மாலை நேரப் படிப்பு மையம் நடந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டரும் அதனோடு இணைந்த எட்டுத் திரைகளும் இருந்தன. லினக்ஸ் போட்டிருந்தோம். பராமரிப்பு என் பொறுப்பு. ஒருவரே இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு மாணவருக்கும் 50 எம்.பி. என்று கோட்டா வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, கோவண்டியிலிருந்து நடந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்கலங்கி நின்றாள். திங்களன்று கொடுக்க வேண்டிய பிராஜெக்டைச் சேமிக்க முடியவில்லை. ‘கோட்டா தீர்ந்தது’ என்றது திரை.

“ஏம்மா, சினிமாப் பாட்டெல்லாம் ஏத்தி வெச்சிருக்கியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“நான் ஒண்ணுமே வைக்கல சார்” என்றாள்.

நான் நம்பவில்லை. அவளுடைய கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். 38 எம்.பி.தான் வந்தது. கோட்டாக் கணக்கோ 50 என்றது. மீதி 12 எம்.பி. எங்கே போயிற்று?

இதை விளக்க நம் ரயிலையே உதாரணமாகச் சொல்கிறேன். முதல் வகுப்பு ஏ.சி.யில் முன்பதிவு செய்தால் இடம் உறுதி என்று மட்டும் டிக்கெட்டில் இருக்கும். எந்த கேபின், எந்த கூபே என்பது சார்ட் போடும்போதுதான் முடிவாகும். எல்லோரும் பதிவு செய்தபின் ஒதுக்கினால், குடும்பத்தைப் பிரிக்காமல் ஒரே கேபினில் உட்கார வைக்கலாம் அல்லவா?

லினக்ஸில் 2008 டிசம்பரில் வெளிவந்த 2.6.28 பதிப்பிலிருந்து முழுப் பயன்பாட்டுக்கு வந்த ‘எக்ஸ்ட்4’ என்னும் கோப்பு அமைப்பும் இதைத்தான் செய்கிறது. நாம் சேமித்தவுடன் அது டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதில்லை. எழுதியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு சில விநாடிகள் காத்திருக்கிறது. பிறகு மொத்தமாகப் பார்த்து, அடுத்தடுத்த கட்டங்களாக ஒதுக்குகிறது. கோப்பு சிதறாது, வேகமும் கூடும். இதற்குத் தாமத ஒதுக்கீடு என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டாவை எப்போது கழிப்பது? ஒதுக்கும் நேரத்தில் கழிக்கலாம் என்றால், ‘சேமித்தாயிற்று’ என்று பயனருக்குச் சொன்ன பிறகு கோட்டா போதவில்லை என்று தெரியவரும். அப்போது அவர் எழுந்து போயிருப்பார், எழுதியது தொலையும். வண்டி கிளம்பிய பிறகு டி.டி.இ. வந்து, “உங்களுக்கு பெர்த் இல்லை” என்று சொல்வது போலத்தான்.

ஆகவே 2009-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் மிங்மிங் காவ் என்பவர் கோட்டாவுக்கும் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தார். எழுதும்போதே கோட்டாவில் அளவு பிடித்து வைக்கப்படும். இடம் ஒதுக்கியதும் பிடித்தது செலவாகும். மிஞ்சினால் திரும்ப வரவு வைக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிடித்து வைத்த அளவை இரண்டு இடங்களில் எழுதி வைத்தார்கள். கோப்பு அமைப்பு ‘இந்தக் கோப்புக்கு இவ்வளவு’ என்று தன் பேரேட்டில் எழுதியது. கோட்டாப் பிரிவு ‘இந்த ஆளுக்கு இவ்வளவு’ என்று வேறொரு பேரேட்டில் எழுதியது. ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒரு பூட்டு.

எங்கள் மையத்தில் மாணவர் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நகல் ஆசிரியரின் பெட்டிக்குப் போகும்படி நான் அமைத்திருந்தேன். நகல் மாணவர் பெயரில் எழுதப்படும். உடனே உரிமை ஆசிரியர் பெயருக்கு மாறும். அப்போது முன்பதிவும் மாணவர் கணக்கிலிருந்து ஆசிரியர் கணக்குக்கு மாற வேண்டும். அதே நொடியில் டிஸ்க்கில் எழுதும் வேலையும் நடந்தால், ஒரு பேரேடு மாறியிருக்கும், மற்றது மாறியிருக்காது. மாற்றப்படாத மிச்சம் மாணவர் தலையில் நின்றுவிடும்.

இதை நான் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. முதல் தடயம், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் கணக்கு சரியாகிவிட்டது. வார இறுதியில் மறுபடியும் ஏறியது. அப்படியானால் தவறு டிஸ்க்கில் இல்லை, நினைவகத்தில் இருக்கும் எண்ணில்தான். இரண்டாவது, ஒரு பொய்ப் பயனரை உண்டாக்கி, எழுதுவதும் உரிமை மாற்றுவதுமாக நூறு தடவை ஓட்டினேன். சில தடவை மட்டும் மிச்சம் நின்றது. வந்து வந்து போகும் இந்த மாதிரிக் கோளாறுதான் சிக்னல்காரனின் தூக்கத்தைக் கெடுப்பது. மூன்றாவது, நினைவகத்தில் இருப்பதை முழுவதும் டிஸ்க்கில் எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு உரிமையை மாற்றினேன். நூறு தடவையும் கணக்கு சரியாக இருந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன்.

பிற்பாடுதான் தெரிந்தது, டிமித்ரி மொனாகோவ் என்பவர் இதே வகைக் கோளாறுக்கு 2009 டிசம்பரிலேயே திருத்தம் எழுதியிருந்தார் என்பது. 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 பதிப்பில் அது சேர்ந்தது. எங்களிடம் இருந்தது அதற்கு முந்திய பதிப்பு. கோப்பின் முன்பதிவு எண்ணைக் கோட்டாப் பிரிவின் பொறுப்பிலேயே, அதன் ஒரே பூட்டின் கீழ் வைத்ததுதான் அவர் செய்த திருத்தம். ஒற்றைப் பாதையில் நீல்ஸ் டோக்கன் கருவியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு ஸ்டேஷன்களுக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்.

2010 ஜனவரியில் ஐ.பி.எம்.மின் அனீஷ் குமார் இதன் உறவுக்காரக் கோளாறு ஒன்றைத் திருத்தினார். தாமத ஒதுக்கீட்டில் காத்திருக்கும் பகுதிக்கே யாராவது முன்கூட்டி இடம் கேட்டு வாங்கினால், ஒரே இடத்துக்கு இரண்டு முறை கோட்டா கழியும் நிலை இருந்தது. நோய் ஒன்றுதான்: ஒரு சீட்டுக்கு இரண்டு கணக்கு.

இன்று அந்தப் பதிப்புகளை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கோட்டா வைத்திருக்கும் இடங்களில் இப்போதும் கணக்கு முரண்படலாம். அழித்த கோப்பை ஏதாவது ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தாலும் இப்படித் தோன்றும். முதலில் கோப்புகளைக் கூட்டிப் பாருங்கள். பிறகு கோட்டாவை நிறுத்தி வைத்து, டிஸ்க்கிலிருந்து கணக்கை மறுபடி எண்ணச் செய்யுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பயனரிடம் விசாரிப்பதற்கு முன் இயந்திரத்தை விசாரியுங்கள்.

நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். அந்த சனிக்கிழமை இரவே கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, ஞாயிறு காலை அவளை வரவழைத்து வேலையை முடிக்க வைத்தேன். காரணம் பிடிபட்ட பிறகு, மறுவாரம் எல்லோர் முன்னாலும், “தப்பு உன்னுடையது இல்லேம்மா, கணக்கோடது. அதை நம்பினது என் தப்பு” என்றேன். சந்தேகப்பட்டது எட்டுப் பேர் முன்னால் என்றால், மன்னிப்பும் எட்டுப் பேர் முன்னால்தானே கேட்க வேண்டும்?