தாயின் மடியிலேயே ஒரு சிகிச்சை

ரமழான் வந்தால், "பஞ்சம் வந்த நாட்டுக்கு அரிசி மூட்டை அனுப்புவோம்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் எலும்பும் தோலுமாகிவிட்ட இரண்டு வயதுக் குழந்தையை அரிசி மட்டும் குணப்படுத்தாது. அது வெறும் பசியல்ல, நோய். எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இந்த நோய்க்கும் மருந்து உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரைப் பாருங்கள். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். கம்புதான் அன்றாட உணவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பழைய தானியம் தீர்ந்துவிடும், புதிய அறுவடை வந்திருக்காது. குழந்தைகள் மெலிவது அப்போதுதான்.

முன்பெல்லாம் இத்தகைய குழந்தையை மருத்துவமனையில் சேர்த்து, சிறப்புப் பால் மாவை நீரில் கரைத்துக் கொடுத்தார்கள். தாய் வாரக்கணக்கில் உடன் தங்க வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகளும் வயலில் களையும் காத்திருக்க, எந்தத் தாயால் அது முடியும்? மாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் வழியில்லை. அசுத்தமான கிணற்று நீரில் கரைத்தால் வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

1996-ல் பிரான்ஸின் குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியானும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கிய 'பிளம்பி நட்' இந்தச் சிக்கலைத் தீர்த்தது. வேர்க்கடலை விழுது, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, விட்டமின்கள், தாது உப்புகள் சேர்ந்தது. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. நீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். ஈரம் இல்லாததால் கிருமி எளிதில் வளராது. 2005-ல் நைஜரில் கடும் நெருக்கடி வந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதைக் கொண்டு 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் இருந்தபடியே தேறினார்கள். 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இம்முறையை ஏற்றன.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையை நாடாவால் அளக்கிறார்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் நாடாவில் சிவப்பு நிறம் வரும், கடும் நிலை. படிக்கத் தெரியாத தாயும் அதைக் கண்டுகொள்வாள். நைஜரிலேயே தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள், சரியாக அளந்தார்கள். இரு பாதங்களும் வீங்கியிருந்தாலும் ஆபத்துதான். அந்த வீக்கத்தைப் பார்த்து, "பிள்ளை சதை போட்டிருக்கிறான்" என்று ஏமாந்துவிடக் கூடாது.

பசியெடுத்துச் சாப்பிடும் குழந்தைக்கு ஒரு வாரத்துக்கான பாக்கெட்டுகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வாரந்தோறும் எடை பார்ப்பார்கள். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களில் தேறிவிடும். சாப்பிட மறுத்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ மருத்துவமனைதான். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. முதலில் பால், பிறகு விழுது. முழுமையாகப் பாலூட்ட இரண்டு ஆண்டுகள் என்பதை 2:233 வசனத்தில் நாம் ஓதியிருக்கிறோம்.

வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. பசியோடு நாலு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் இனிப்பான பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? பங்கு போடுகிறாள், நோயாளிக் குழந்தைக்கு மருந்து குறைகிறது. அரிசி மூட்டைக்கு வேலை இருப்பது இங்கேதான். அடுத்த முறை நிதி கேட்டு வருபவரிடம், குழந்தைக்கு இந்தச் சிகிச்சையும் குடும்பத்துக்குத் தானியமும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.