வரைபடத்தில் காணாமல் போன கழிவெளி: நமது கோபம் கேள்வியாக மாற வேண்டும்

வடசென்னையில் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. "எந்தக் கட்சி வந்தாலும் இதே கதைதான். நாம கேட்டு என்ன ஆகப் போகுது?" பட்டா மாற்றத்துக்காக அலைந்தவர், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நடையாய் நடந்தவர், வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்தச் சலிப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் மக்கள் சலித்துப் போய் வாய் மூடினால் அது யாருக்கு லாபம்? நமது பகுதியிலேயே நடந்த ஒரு விஷயம் இதற்குப் பதில் சொல்கிறது.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பரந்து கிடக்கும் உப்பங்கழியும் சதுப்பு நிலமும்தான் எண்ணூர் கழிவெளி. இறாலும் நண்டும் பெருகும் இடம் அது. மழைக்காலத்தில் வெள்ளம் கடலுக்குப் போகும் வழியும் அதுதான். 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையைத் தொடர்ந்து, தமிழகக் கடலோரத்துக்கான வரைபடத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதில் இந்தக் கழிவெளியின் 6,469 ஏக்கர் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது.

பின்னர் மாநில அதிகாரிகளின் கையில் வேறொரு வரைபடம் இருந்தது. அதில் கழிவெளியே இல்லை! தண்ணீர் ஓடுகிறது, மீனவர்கள் வலை வீசுகிறார்கள், காகிதத்தில் மட்டும் அந்த இடம் மறைந்துவிட்டது. பாதுகாப்புக் குறியீடு இல்லாத இடத்தில் ஆலைகளும் கட்டுமானங்களும் வருவது எளிது. இதற்காக யார் பணம் வாங்கினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆதாரமின்றி ஒருவர் மீது பழி சுமத்துவது நமக்கு ஆகுமானதல்ல. ஆனால் பொதுச்சொத்து ஒன்று மக்களுக்குத் தெரியாமல் பதிவேட்டிலிருந்து மறைவதும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்தான்.

இந்த உண்மை வெளியே வந்த விதத்தை நாம் கவனிக்க வேண்டும். சூழல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு வாங்கிய ஆவணங்களை வைத்து 2017-ல் இதை அம்பலப்படுத்தினார்கள். கழிவெளியில் கொட்டப்பட்ட அனல் மின் நிலையச் சாம்பல் தொடர்பான வழக்கில், 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு மின் வாரியத்துக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது என்பதே இதன் பொருள்.

கேட்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிவெளியில் கலந்தது. அரசு சுமார் 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அதே மாதம் 26-ம் தேதி இரவில் பெரியகுப்பம் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். நிவாரணத்துக்கான குடும்பங்கள் எந்த விதியின்படி தேர்ந்தெடுக்கப்பட்டன? ஆலைகளில் கடைசியாக ஆய்வு நடந்த தேதி எது? இவற்றுக்கான விடைகள் அரசு அலுவலகக் கோப்புகளில்தான் இருக்கும். அந்தக் கோப்புகளைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் வெள்ளைத் தாளில் தமிழிலேயே மனு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சி.பி.சி.எல்., துறைமுகம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு அஞ்சல் ஆணை எடுத்து இணைக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ 30 நாட்களுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஒன்றை நினைவில் வையுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரையிலான ஆய்வறிக்கைகளின் நகல் தருக" என்று கேட்டால் நழுவ முடியாது. இந்தச் சட்டம் கருத்தைக் கேட்பதற்கானதல்ல, அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேட்பதற்கானது.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஊழலைத் திட்டும் நாமே, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மேசைக்குக் கீழே கை நீட்டுகிறோம். "கொடுக்காமல் நடக்காதே ஹஜ்ரத்" என்று சொல்பவர்களின் நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் லஞ்சம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் நபிகள் நாயகம் (ஸல்) சபித்திருக்கிறார்கள். நாட்டின் சட்டமும் இருவரையும் பிடிக்கிறது. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. மாநில ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறையிடமும், சுங்கத்துறை, துறைமுகம் போன்ற மத்திய ஊழியர் என்றால் சி.பி.ஐ.யிடமும் புகார் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன்பே புகார் செய்வதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

தனியாக ஒருவர் கேட்கத் தயங்குவது இயல்பு. எனவே இது ஜமாஅத்தின் வேலையாக வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் கல்லூரி படித்த இரண்டு பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, மனு எழுதப் பழகட்டும். வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வருபவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும். வருபவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். எண்ணெய் படிந்த வலை குப்பத்து மீனவருடையது, ஆனால் அந்தக் காற்றைச் சுவாசிப்பது நாம் எல்லோரும்தான். கழிவெளி அடைபட்டால் வெள்ளமும் வீடு பார்த்து வராது.

எழுதிய மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள், முப்பதாவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பொறுமையோடு தொடர்ந்து கேட்கும் உறுதியை அல்லாஹ் நமக்குத் தருவானாக.