பழைய படத்தைத் திறக்க மறுத்த புது மென்பொருள்!
எடிட்டர்கள் தலையில் கை வைத்த கதை

அமெரிக்காவில் சினிமா, டி.வி. எடிட்டர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த நாள், 2011 ஜூன் 21.

அன்றுதான் ஆப்பிள் கம்பெனி "பைனல் கட் புரோ எக்ஸ்" என்ற எடிட்டிங் மென்பொருளை விற்பனைக்கு விட்டது. விலை 299 டாலர் 99 சென்ட். பழைய தொகுப்பின் விலை 999 டாலர். அடேயப்பா, சல்லிசு என்று வாங்கியவர்கள், கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்ததும் திடுக்கிட்டனர்.

பழைய பைனல் கட் 7-ல் வெட்டி வைத்த வேலை எதையும் புதுசு திறக்கவே இல்லை!

பேரேடு போச்சு

கடைக்காரர் பழைய பேரேட்டைப் புரட்ட முடியாமல் போனால் பாக்கியை எப்படி வசூலிப்பார்? அந்தக் கதிதான். பாதி வெட்டிய படம் அப்படியே நின்றது.

பழையது ஒன்றும் விளையாட்டுச் சாமான் இல்லை. "கோல்டு மவுண்டன்" படத்தை வால்டர் மர்ச் அதில்தான் வெட்டினார். எடிட்டிங்குக்கு ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

பல கேமராக்களில் பிடித்த காட்சியைச் சேர்த்து வைத்து வெட்டும் வசதி புதியதில் இல்லை. சவுண்ட் ஸ்டூடியோவுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பவும் நேர்வழி இல்லை. வரிசை வரிசையாக இருந்த தடங்களும் காணோம். ஒரு துண்டை எடுத்தால் மற்றவை காந்தம் போல் தானே வந்து ஒட்டிக்கொண்டன. கை பழகியவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சரி, பழையதையே இன்னொன்று வாங்குவோம் என்றால், அதன் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். கொடுமை அதுதான்.

டி.வி.யில் கேலி

கோனன் ஓ'பிரையன் நிகழ்ச்சியின் எடிட்டர்கள் புதுசைப் புகழ்வது போலப் புகழ்ந்து, கன்னாபின்னா வெட்டுகளோடு ஒரு துண்டுப்படம் போட்டுச் சிரிக்க வைத்தார்கள். போட்டிக் கம்பெனி அடோபி சும்மா இருக்குமா? பாதி விலைக்குத் தருகிறோம், வாங்க என்று கூப்பிட்டது. பலர் போனார்கள்.

போகாதவர்கள் பொறுத்திருந்து பழகினார்கள். பல கேமரா வசதி 2012 ஜனவரியில் வந்தது. அதே மாதம், பழைய வேலையைப் புதியதற்கு மாற்றும் கருவியை வேறொரு சிறு நிறுவனம் விற்றது. வில் ஸ்மித் நடித்த "போகஸ்" படம் 2015-ல் வந்தது. அதை வெட்டியதே இந்தப் புதுசில்தான்! துண்டுகள் தானே ஒட்டுவதால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று, திட்டியவர்களிலேயே சிலர் பேச்சை மாற்றினர்.

2017-ல் வந்த "ஹை சியரா"வில் பழைய பைனல் கட் 7 ஓடவில்லை. மாற்றும் கருவிக்கும் பழையதில் இருந்து எழுதி எடுத்த பட்டியல் வேண்டும். அதை எடுத்து வைக்காதவர்கள், தூசி படிந்த பழைய மெஷினைத் தேடி ஓடவேண்டியதாயிற்று.